பாட்டைப் பாதியில் நிறுத்தியவர்

மேடையில் வீற்றிருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, பம்கோல் ஊர்த் தலைவர் அவர்களே, இன்று படகுகளைக் கடலுக்கு அனுப்பாமல் கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கும் முக்கோ துறைமுகத்து நண்பர்களே, இத்தனை வருடம் குரலை மட்டுமே கேட்டுவிட்டு இன்று படத்தில் முதல்முறையாக அந்த முகத்தைப் பார்க்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது கிழக்குக்கரைப் பாட்டு வானொலியின் நிகழ்ச்சித் தலைவர் பியோ மி-ரான் அம்மையார் மறைந்து இன்றோடு ஒன்பது நாள். மருத்துவமனையின் இறுதிச்சடங்குக் கூடத்தில் மூன்று நாளும் நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து வணங்கினேன். மாட்டிறைச்சிக் குழம்பும் சோறும் வைத்தார்கள், சாப்பிட்டேன். காரமாக இருந்ததா, ஆறிப்போயிருந்ததா, தெரியவில்லை. அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. இருபத்தேழு வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக வேலை பார்த்தோம். அப்படிப்பட்டவருக்காக அழத் தெரியாத நிலைய இயக்குநர், மேங் என்கிற நான். என் பேச்சு வறண்டு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

1996இல் ஐஸ் ஃபாக்டரி மாடியில் இரண்டு அறைகளில் தொடங்கினோம். கீழே ஐஸை உடைக்கும்போது மேலே மைக் ஆடும். செய்தி கிடையாது, சொற்பொழிவு கிடையாது. சனங்கள் முணுமுணுக்கிற பாட்டு மட்டும்தான் என்றார் மி-ரான். சிரித்தார்கள். யார் சிரிக்கவில்லை? நானே சிரித்தேன்! ஆனால் ஆறே மாதத்தில் கணவாய் பிடிக்கப் போன படகுகளிலிருந்து அழைப்பு வந்தது. உல்லுங் தீவிலிருந்து வந்தது. பிற்பாடு இன்டர்நெட் வழியாக, ஜெர்மனியில் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அம்மாவிடமிருந்து வந்தது. பெரியவர்கள் விரும்பும் பழைய ட்ராட் பாட்டுக்கு அடுத்ததாக இளவட்டங்களின் ஆட்டப் பாட்டை அவர் போட்ட அன்று ஒரு படகுக்காரர் கூப்பிட்டார்.

“என்னம்மா இது? பாட்டா, பட்டாசா?”

“முழுசாக் கேளுங்கண்ணே. நாளைக்கு நீங்களே கேட்டு வாங்குவீங்க.”

மறுநாள் கேட்டு வாங்கினார். அவர் இதோ, நான்காவது வரிசையில் இருக்கிறார்.

எங்கள் வானொலி எதுவரை கேட்கிறது என்பதை நான் வரைபடத்தில் பார்த்தேன். மி-ரான் திங்கட்கிழமை விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். பாட்டு இரைச்சலாக மாறும் இடத்தில் இறங்கி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். அப்படித்தான் பம்கோலுக்கு மேலே, மலைச்சரிவுக் கோசுத் தோட்டத்தில், தோளில் ரேடியோவோடு நின்ற கூக் பங்-சிக் என்பவரைப் பார்த்தார்.

“ஏண்ணே, ரேடியோவத் தூக்கிட்டு இவ்ளோ மேல வர்றீங்க? கோசுக்குப் பாட்டு கேக்கணுமா?”

“கீழ வீட்டுல உங்க குரல் வரலயே தங்கச்சி. இந்தக் கோசுக்கு இருக்கிற யோகம் எனக்கு இல்ல.”

“நா யாருன்னு தெரியுதா?”

“வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிடுச்சு. நேர்ல கொஞ்சம் குள்ளம்.”

இதை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். பம்கோலுக்கு ஒரு துணை ஒலிபரப்புக் கோபுரம் வேண்டும் என்று எழுதியிருந்தது.

“முப்பத்தோரு வீட்டுக்கு ஒரு கோபுரமா? ஆகாதும்மா” என்றேன்.

“வீட்ட எண்ணாதீங்க சார், காத எண்ணுங்க. அறுபத்துநாலு பேரு, நூத்தி இருபத்தெட்டு காது.”

ஆறு வருடம் மறுத்தேன். ஆறு வருடமும் அதே தாளைத் தேதி மாற்றிக் கொண்டுவந்து வைத்தார். ஏழாவது வருடம் கையெழுத்துப் போட்டேன். நல்ல மனதால் அல்ல. அலுத்துப்போய்.

நான்கு வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்து மதியம், காட்டுத்தீ வந்தது உங்களுக்குத் தெரியும். செல்போன் கோபுரங்கள் எரிந்து விழுந்தன. பம்கோலுக்குப் போய்ச் சேர்ந்த ஒரே குரல் எங்களுடையது. பாட்டை நிறுத்திவிட்டு வெறும் அறிவிப்பு மட்டும் சொல்லுங்கள் என்று நான் கத்தினேன்.

“வெறும் அறிவிப்புன்னா பெரியவங்க ரேடியோவ மூடிட்டு வேலையப் பாக்கப் போயிடுவாங்க சார். பாட்டு ஓடுனாத்தான் காது நம்மகிட்ட இருக்கும்.”

ஒரு பாட்டு, ஓர் அறிவிப்பு. மறுபடி ஒரு பாட்டு, ஓர் அறிவிப்பு. அறுபத்துமூன்று பேர் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கூக் பங்-சிக் வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் மகள் இன்-ஓக் நிலையத்துக்கு வந்தார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

“அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு வந்துச்சு. வாப்பா போலாம்னேன். ‘இது முடியட்டும், நீ போய் வண்டிய எடு, பின்னாலயே வர்றேன்’னாரு. எடுத்தேன். அதுக்குள்ள கூரை விழுந்துடுச்சு. உங்களக் குத்தம் சொல்ல வரலக்கா. யார்கிட்டயாவது சொல்லணும்ல? அதான் வந்தேன்.”

மி-ரான் பார்லி டீ ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் போன பிறகு, சுவரைப் பார்த்துச் சொன்னார்: “மூணு நிமிஷம் நாப்பது செகண்டு சார், அந்தப் பாட்டு.”

அடுத்த வாரம் ஒலிபரப்பு அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆபத்து நேரத்தில் எந்தப் பாட்டும் முடியக் கூடாது, வரியின் நடுவில் நிறுத்திவிட்டு அறிவிக்க வேண்டும். ஏன் நடுவில் என்று கேட்டேன்.

“முடிஞ்சா மனசு நெறஞ்சிடுது. முடியட்டும்னு காத்திருக்காங்க. பாதியில நின்னாத்தான் என்னடா ஆச்சுன்னு எந்திரிப்பாங்க.”

அடுத்த கோடை மழையில் பம்கோல் ஓடை பெருகியது. வரியின் நடுவில், ஒரு சொல்லின் நடுவில் நிறுத்தினார் மி-ரான். ஊர் மொத்தமும் மேட்டுக்கு ஏறிவிட்டது. மறுநாள் கூப்பிட்டவர் இதோ இந்த மேடையில் இருக்கும் ஊர்த் தலைவர்தான்.

“பாட்ட ஏன்மா நிறுத்துனேன்னு திட்டத்தான் வெளிய வந்தேன். வந்தா முத்தத்துல தண்ணி!”

“திட்டிக்கோங்கண்ணே” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அடுத்த பாட்டை எடுத்து வைத்தார்.

நண்பர்களே! பாட்டு ஓடியதால் அறுபத்துமூன்று பேர் பிழைத்தார்கள். பாட்டு ஓடியதால் ஒருவர் பிழைக்கவில்லை. இரண்டும் உண்மை. இரண்டாவதை அவர் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். முதலாவதைச் சொல்ல வேண்டியவன் யார்? நானல்லவா? நான்கு வருடம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். மழை வருமா என்று பேசினேன். அவருக்குக் கான்சர் என்று தெரிந்த பிறகும், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். நான் மறுத்த அந்த ஆறு வருடத்தில் தீ வந்திருந்தால் அறுபத்துநான்கு பேருக்கும் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதை அவர் ஒரு நாளாவது சொல்லிக் காட்டினாரா? இல்லை. ஒரு நாள்கூட இல்லை!

அவர் கடைசியாக வைத்த தாள் என் மேஜையில் இருந்தது. தொல்மோரி, கசிகோல் ஆகிய ஊர்களுக்கு இன்னும் நம் வானொலி எட்டவில்லை. இரண்டு முறை மறுத்திருக்கிறேன். நேற்று முன்தினம் கையெழுத்துப் போட்டேன். போடும்போது எதுவும் தோன்றவில்லை. ஆனால் போட்டுவிட்டேன். பனி விழுவதற்கு முன் இரண்டு கோபுரத்துக்கும் அஸ்திவாரம் போடப்படும். சுவரில் அவர் ஒட்டிய தாள் அங்கேயே இருக்கும். செலவைக் குறைக்க ஒலிபரப்பை மெஷினிடம் ஒப்படைக்கலாம் என்று நடந்துவந்த பேச்சு இனி இல்லை. மைக்குக்கு முன்னால் ஓர் ஆள் இருப்பார். இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு.

கூக் பங்-சிக் கேட்ட அந்தப் பாட்டை மி-ரான் அதன் பிறகு ஒலிபரப்பவே இல்லை. நேற்று இன்-ஓக் வந்தார். நாளை மதியம் இரண்டு மணிக்கு அதைப் போடச் சொன்னார். எவ்வளவு நேரம் போடட்டும் என்று கேட்டேன்.

“முழுசாப் போடுங்க சார். இப்ப எங்கயும் தீ இல்லல்ல?”

போடுகிறேன் என்றேன்.