வகுக்காமல் விட்ட எண்

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம். மற்றபடி எந்தக் குறையும் இல்லை. நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம்.

வேகமாக ஓடும் அயனிகளை ஆர்கான் வாயுவுக்குள் அனுப்பி, அணுக்களோடு மோதி அவை எவ்வளவு ஆற்றலை இழக்கின்றன, எத்தனை எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன என்று அளப்பது என் வேலை. பதினொரு வருடத்துக்கு முன் நான் வெளியிட்ட அட்டவணையைத்தான் உலகமே கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துகிறது. அதோடு ஒத்துவராத அளவு கிடைத்தவர்கள் தங்கள் கருவியைப் பழுதுபார்த்தார்கள். விஞ்ஞானத்தில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாயுக் குழாய்களைப் பார்த்துக்கொண்டவன் என் மனைவியின் தம்பி. நான்தான் சேர்த்துவிட்டேன். பெரிய படிப்பில்லை, கையில் ஸ்பானர் உண்டு. போன திங்கட்கிழமை என் பழைய குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தலையைச் சொறிந்தான்.

“அத்தான், இந்தப் பிரஷர் மீட்டர் நைட்ரஜனுக்குச் செஞ்சது. ஆர்கான் விட்டா, காட்டுற எண்ணை ஒண்ணு புள்ளி மூணால வகுக்கணும். நீங்க வகுக்கவே இல்லையே.”

எத்தனையோ பேராசிரியர்கள் கண்ணில் படாதது இவன் கண்ணில் பட்டுத் தொலைத்தது. உள்ளே இருந்த வாயு நான் நினைத்ததைவிடக் குறைவு என்றால், ஒவ்வொரு அணுவிடமும் அயனி இழக்கும் உண்மையான ஆற்றல் நான் சொன்னதைவிட அதிகம். என் எண்களை நம்பிச் சதைக்கும் கணக்குப் போட்டுப் புற்றுக்கட்டிக்கு அயனி பாய்ச்சினால், அது கட்டியைத் தொடாமல் நல்ல சதையிலேயே நின்றுவிடும். ஒரு மருத்துவமனை அடுத்த வாரம் அப்படித்தான் தொடங்கவிருந்தது.

அட்டவணைக்கு நானே ஒரு திருத்தம் எழுதி வெளியிட்டுவிட வேண்டும் என்றான். வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகவும் சொன்னான். “அப்புறம் நான் எழுதிடுவேன், அத்தான். கோவிச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. வியாழன் காலை, கருவிகளுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இறங்கிக் குழாய்களைப் பார்க்கச் சொன்னேன். ஆர்கான் காற்றைவிடக் கனம்; பள்ளத்தில் தேங்கிப் பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். நிறமோ மணமோ கிடையாது. எச்சரிக்கை மணியை முன்னதாகவே நிறுத்தியிருந்தேன். வால்வைத் திறந்தேன். அதிகம் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். நம் வீட்டுப் பையன் அல்லவா, அதையும் யோசித்துத்தான் செய்தேன். மனைவிக்கு ஆறுதல் சொல்ல மூன்று நாள் விடுப்புகூட எடுத்தேன்.

ஆக, கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அந்த மருத்துவமனையில் நேற்று முதல் நோயாளியைப் படுக்க வைத்துவிட்டார்களாம். கேட்கப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு வேண்டுகோள். காரணம் என்ற இடத்தில் குடும்பத் தகராறு என்றே போட்டுக்கொள்ளுங்கள். அட்டவணை தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.