பொன்மணி மாற்றிச் சொன்ன முடிவுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் அச்சக உரிமையாளரும் நம் வாசகர் வட்டத்தின் புரவலருமான சண்முகவேல் அவர்களே, நூலகர் கதிரவன் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்திருக்கும் பொன்மணியின் கணவர், தம்பி முனியசாமி, நாரணாபுரத்திலிருந்து இன்று வேலைக்குப் போகாமல் அதே கம்பெனி வேனில் இங்கே வந்து இறங்கியிருக்கும் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மாதந்தோறும் இந்த இடத்தில் நின்று வணக்கம் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து ஒரு பதில் வணக்கம் வரும். இன்று அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அதைக் காலியாக விடும்படி யாரும் சொல்லவில்லை. நீங்களாகவே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நம் வட்டத்தின் மூத்த வாசகர் பொன்மணி அவர்கள் போன செவ்வாய்க்கிழமை காலமானார். வயது நாற்பத்து மூன்று. பட்டாசு கம்பெனியில் திரி வைக்கும் வேலை, இருபத்திரண்டு வருடம். நுரையீரல் கெட்டுப்போனது என்றார் டாக்டர். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை. அவர் படித்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் நூலகத்தில் என்ன எடுப்பார்? சமையல் புத்தகம் எடுப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் எடுத்தது மாயாஜால நாவல்கள். அதை விட்டால், நாளைக்கு உலகம் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று எழுதுகிற நாவல்கள். படித்துவிட்டுச் சும்மா இருப்பாரா? கூட்டத்தில் எழுந்து கருத்துச் சொல்வார். அந்தக் கருத்துகளை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு நாவலில் ராஜா, தீயைக் கக்கும் விலங்கு ஒன்றை அரண்மனையில் வளர்க்கிறான். நாங்கள் எல்லோரும் வர்ணனையைப் புகழ்ந்து முடித்தோம். பொன்மணி எழுந்தார். "அம்புட்டுப் பெரிய நெருப்பை உள்ள கட்டிப் போட்டிருக்கான். பக்கத்துல ஒரு வாளி மணல் கூடக் கிடையாது. இவனெல்லாம் என்ன ராசா, சார்?" என்றார். கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு நாவலில் மனிதர்களுக்குப் பெயரே இல்லை, எண் மட்டும்தான். பயங்கரமான கற்பனை என்றேன் நான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்பர் போடுறதை நம்புறேன், சார். எங்களுக்கும் டோக்கன் நம்பர் இருக்கு. ஆனா அம்புட்டுப் பொம்பளைக ஒரே கூரைக்குக் கீழ வேலை பாக்காக, ஒருத்திக்கு ஒருத்தி பட்டப்பேர் வைக்கலைன்னு எழுதியிருக்காரே, அதைத்தான் நம்ப முடியலை. அவரை எங்க கம்பெனி ஷெட்ல அரை நாள் வந்து இருந்துட்டுப் போகச் சொல்லுங்க."

மழையே பெய்யாத உலகத்தைப் பற்றி ஒரு நாவல். அதற்கு அவர் கருத்து ஒரே வரி: நமக்கு மழை பெய்தால்தான் வேலை இல்லை, இவர் யாரைப் பயமுறுத்துகிறார்?

அன்பர்களே, முப்பத்தாறு வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். இப்படி ஒரு விடையை எந்தத் தாளிலும் பார்த்ததில்லை.

ஆனால் அவருடைய பெரிய வேலை இந்த மண்டபத்தில் நடக்கவில்லை. அது வேனில் நடந்தது. காலை ஆறரைக்கு நாரணாபுரத்தில் வேன் கிளம்பும். கம்பெனி வாசலுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் பொன்மணி தான் படிக்கும் நாவலை, விட்ட இடத்திலிருந்து தினமும் சொல்லிக்கொண்டு வருவார். இருபத்தாறு பெண்கள் கேட்பார்கள். டிரைவர் சுடலை ரேடியோவைப் போடமாட்டார்.

பஸ் ஓடாத ஒரு நாள் நானும் அந்த வேனில் ஏறினேன். நான் நன்றாக அறிந்த நாவல் ஒன்றின் கடைசிப் பகுதி அன்று. புத்தகத்தில் அந்தத் தீவு கடலில் மூழ்கிவிடும், ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். பொன்மணி சொன்ன கதையில் எல்லோரும் படகேறிக் கரை சேர்ந்தார்கள்.

இறங்கியதும் கண்டித்தேன். ஒரு கணக்குக்கு விடை பூச்சியம் என்று வந்தால், பாவம் என்று அதை நூறு ஆக்கலாமா என்று கேட்டேன். எழுத்தாளர் எழுதிய முடிவை மாற்ற நமக்கு ஏது உரிமை என்று கேட்டேன். அத்தனை பெண்களுக்கும் நடுவில் கேட்டேன். எனக்கு அது போதவில்லை. அடுத்த கூட்டத்திலும் அதையே எடுத்துப் பேசினேன்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். தம்முடைய தங்கை இருளம்மாளைப் பற்றிச் சொன்னார். இரண்டாயிரத்து ஒன்று, தீபாவளி சீசன். அந்தக் காலத்தில் பொன்மணி எந்த முடிவையும் மாற்றியதில்லை. அன்று காலை வேனில் சொன்ன நாவலில் நகரமே எரிந்துபோகிறது, ஒருவரும் தப்பவில்லை. அதை அப்படியே சொன்னார். வேனை விட்டு இறங்கும்போது இருளம்மாள், "ஒருத்தரையாவது விட்டு வச்சிருக்கலாம்ல, அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போனாள். பதினோரு மணிக்கு அந்த அறை வெடித்தது.

"கதை சொன்னதாலதான் வெடிச்சதுன்னு நான் நினைக்கலை, சார். அம்புட்டுக் கிறுக்கி இல்லை" என்றார் பொன்மணி. "ஆனா வேனை விட்டு இறங்குறவக காதுல எது கடைசியா விழணும்னு எனக்கு ஒரு இது இருக்கு."

நான் நாற்காலியை மடக்கினேன். கடைசிவரை அவரிடம் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

அவர் கடைசியாக எடுத்த நாவலில் ஒரு நகரம். அங்கே வெயிலை அரசாங்கம் பங்கிட்டுத் தருகிறது. கோபுரத்தின் மேல் பெரிய கண்ணாடி ஒன்று. அது எந்தத் தெருவின் பக்கம் திரும்புகிறதோ, அந்தத் தெருவுக்கு மட்டும் பகல். ஒரே ஒரு தெருவின் பக்கம் மட்டும் அது பல வருடமாகத் திரும்பவே இல்லை. கண்ணாடி துடைக்கும் ஒரு பெண்ணின் தங்கை அந்த இருட்டுத் தெருவில்தான் அடைபட்டிருக்கிறாள். அக்காள் காவலுக்குத் தெரியாமல் கோபுரம் ஏறுகிறாள்.

இதைச் சொல்லி வந்த நாட்களில் பொன்மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. பாதி வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வள்ளித்தாய் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். அப்படித்தான் பின் இருக்கைகளுக்குக் கதை போனது. கோபுரத்து உச்சியில் அந்தப் பெண் கண்ணாடியின் சக்கரத்தில் கை வைத்த இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வேன் நின்றது. திங்கட்கிழமை பொன்மணி வேனுக்கு வரவில்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். புத்தகத்தை என்னிடம் நீட்டினார். திருப்பித் தரும் தேதி தாண்டிவிட்டதாம், அதற்கு வருத்தப்பட்டார். பிறகு, "முடிவை உங்ககிட்டத்தான் கேப்பாக. நீங்க பொய் சொல்ல மாட்டீக. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

சொன்னபடியே கேட்டார்கள். நேற்று வள்ளித்தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் மென்று விழுங்கியதைப் பார்த்துவிட்டு, "உள்ளதை மாத்தாமச் சொல்லுங்க, சார். அவ மாத்தித்தான் சொன்னான்னு எங்களுக்கு ஆறு வருசமாத் தெரியும்" என்றார். திகைத்துப் போனேன். "எல்லாக் கதையிலயும் எல்லாரும் பிழைச்சா எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

தெரிந்தும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்றேன்.

"அம்புட்டுப் பாடுபட்டு மாத்துறா. நாங்க கேட்டுக்கிட்டோம்."

சகோதரிகளே, பொய் சொல்லத் தெரியாதவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். புத்தகம் இதோ. கடைசிப் பக்கத்தைப் படிக்கிறேன். "அவள் சக்கரத்தைத் திருப்பினாள். பல வருடங்களுக்குப் பின் அந்தத் தெருவில் வெயில் விழுந்தது. கதவுகள் திறந்து கிடந்தன. தெருவில் யாரும் இல்லை." அச்சில் இருப்பது இவ்வளவுதான். எழுத்தாளர் இங்கே முடித்துவிட்டார்.

நாவலை முன்பே படித்தவன்தான் நான்; ஆனால் பொன்மணி தந்த இந்தப் பிரதியில், நேற்று வள்ளித்தாய் போன பிறகுதான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன். நம் வட்டத்துக்கு வந்த எட்டு வருடத்தில் நூலகப் புத்தகத்தில் ஒரு புள்ளி கூட வைக்காதவர் பொன்மணி. இந்தப் பக்கத்தின் அடியில், பென்சிலால், அழுத்தாமல் எழுதியிருக்கிறார். அச்சிட்டதில் ஓர் எழுத்தைக்கூட அவர் அடிக்கவில்லை. யாரையும் படகில் ஏற்றவும் இல்லை. அதன் கீழே ஒரே வரி சேர்த்திருக்கிறார். அதைக் கடைசியில் படிக்கிறேன்.

புத்தகங்களில் பென்சில் கோடு கண்டால் அழித்துத் திருப்பி வைப்பது என் வழக்கம். கதிரவன் அவர்களே, இந்தப் பக்கத்தில் ரப்பர் படக் கூடாது. இது என் வேண்டுகோள். நாளை காலை ஆறரைக்கு நாரணாபுரத்தில் நானும் வேன் ஏறுகிறேன். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசிப்பேன். என் குரல் பின் இருக்கைக்கு எட்டாது. வள்ளித்தாய் திருப்பிச் சொல்லட்டும். திருப்பிச் சொல்லும்போது எங்கேயாவது ஒருவரை விட்டு வைத்தால், நான் இனி கண்டிக்க மாட்டேன். பொன்மணி அவர்களுக்கு நான் செய்யக்கூடியது இதுதான்.

அவர் எழுதிய வரி இது:

"கொடியில் ஈரத்துணி, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது."