பெடலிலிருந்து என் கால் எழவில்லை

பெயர்: ரதோமிர் ஸ்தமென்கோவிச். தகப்பனார் பெயர்: ஸ்வெதிஸ்லாவ். வயது: 54. தொழில்: ரப்பர் தொழிற்சாலையில் இயந்திரப் பழுது பார்ப்பவர். முகவரி: எண் 17, ஆற்றங்கரைத் தெரு, பிரோத், செர்பியா.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடனும் மகள் யாஸ்னாவுடனும் வசித்து வருகிறேன். முப்பத்தொரு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். என் மேல் இதுவரை ஒரு வழக்கும் கிடையாது. நேற்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தில் எழுதப்பட்ட அறிக்கையில் "ஓட்டுநர் கவனக்குறைவாகக் கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார்" என்று கண்டிருக்கிறது. அது பொய். என் கால் எழவில்லை. இதை முதலில் எழுதிக்கொண்டால்தான் மற்றதைச் சொல்வேன் என்றேன். எழுதிக்கொள்ளப்பட்டது.

சம்பந்தப்பட்ட கார் 1979ஆம் வருடத்து ரஷ்ய வண்டி. கோழிகள் அடைந்துகொண்டிருந்த அதை வாங்கி நான்கு வருடமாகப் பிரித்துக் கட்டினேன். கல்யாணத்துக்கு அதில்தான் போவேன் என்பது யாஸ்னாவின் ஆசை. கல்யாணம் வரும் சனிக்கிழமை.

வுகோமன் அலெக்சிச் என்பவர் எனக்குக் கூம். என் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சியானவர், யாஸ்னாவுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவர், அவள் கல்யாணத்துக்கும் அவரே கூம். அதிகாரிக்கு இது தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள்ளவும்: கூம் வந்து நிற்காமல் பாதிரியார் மணமக்கள் தலையில் கிரீடம் வைக்கமாட்டார். அண்ணன் தம்பியோடு அடித்துக்கொள்ளலாம். கூமிடம் குரலை உயர்த்தக்கூடாது.

போன மாதம் இரண்டாம் தேதி இன்ஜின் முதல்முறையாக ஓடியது. அன்று கூமும் அவர் மனைவியும் வந்து, அந்த அம்மாள் குளிர்காலம் முழுக்கத் தறியில் உட்கார்ந்து நெய்த சிவப்பு விரிப்பைக் காருக்கென்று கொடுத்தார்கள். காருக்குள் விரிக்க அது மிகப் பெரிது, ஆனால் பிரோத் விரிப்பில் கத்தரி வைக்கிறவன் பிரோத்துக்காரனே இல்லை. டிக்கியில் போட்டால் கொடுத்தவர்களுக்கு அவமானம். ஆகவே நான்காக மடித்து, ஓட்டுநர் காலடியில், பெடல்களுக்குக் கீழே பதவிசாகப் பரப்பினேன். கூமுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

அதன் பிறகு காரை வெளியே எடுக்கப் பார்த்தபோது கிளட்ச் முழுதாக விடவில்லை. ரிவர்ஸ் கியர் நறநறத்தது. பெடலை மிதித்திருக்கும்போதே வண்டி நகர்ந்தது. அதன் பிறகு கிளட்ச் ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அதன் பிறகு யாஸ்னாவை உட்கார்ந்து மிதிக்கச் சொல்லி, குழாயில் காற்று இருக்கும் என்று இரண்டு தடவை வெளியேற்றினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கீழே படுத்து அளந்து பார்த்ததில், கியர்பாக்ஸ் பக்கத்துச் சிலிண்டரின் தண்டு பதினான்கு மில்லிமீட்டர் தள்ள வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் தள்ளியது. மீதி மூன்று எங்கே போயிற்று என்று மூன்று வாரம் தேடினேன். ரப்பர் குழாயை மாற்றினேன். கீழ்ச் சிலிண்டரை மாற்றினேன். அதன் பிறகு கூம் பெடல் பக்கத்துச் சிலிண்டரைப் புதிதாகக் கொண்டுவந்தார், இருவரும் சேர்ந்து மாட்டினோம். அதே பதினொன்று. கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கினேன். கிளட்ச் பிளேட், தள்ளும் கவை, பேரிங் எதிலும் குறையில்லை. என் முதுகில்தான் குறை வந்தது.

"கூமே, சிலிண்டர் புதுசுதானே?" என்று கேட்டேன்.

"ஏன்யா, குப்பைமேட்டுல பொறுக்கிட்டா வந்தேன்? பெட்டிய நீதானே பிரிச்சே?" என்றார்.

பெட்டியைப் பிரித்தவன் நான்தான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

நேற்றுக் காலை பதினொரு மணிக்குக் கோயில் வளாகத்தில் காருக்கு ஆசீர்வாதம், தள்ளிக்கொண்டே போய் நிறுத்தியிருந்தோம். பாதிரியார் துளசிக் கொத்தால் முன்பக்கம் தீர்த்தம் தெளித்துவிட்டு, "கொஞ்சம் முன்னால எடுங்க, பின்னாடியும் தெளிக்கணும்" என்றார். ஓடும் இன்ஜினில் முதல் கியர் விழாது என்பதால், நிறுத்தியிருந்த இன்ஜினில் கியரைப் போட்டு, பெடலை அது போகும் மட்டும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். கார் குதித்தது. எழுபது வயதுப் பாதிரியார் சுவர் ஓரம் போய் நின்றார். கார் இடித்து, மெழுகுவர்த்தி ஏற்றும் தகரக் கூண்டு கவிழ்ந்தது. உயிரோடிருப்பவர்களுக்கென்று மேல் தட்டில் எரிந்ததும் இறந்தவர்களுக்கென்று கீழ்த் தட்டில் எரிந்ததும் மண்ணில் ஒன்றாகக் கிடந்தன.

அதன் பிறகு நான் இறங்கி, ஊர் பார்க்க, கூமின் கோட்டைப் பிடித்து, "செத்த சிலிண்டர என் தலையில கட்டிட்டியே, நீயெல்லாம் ஒரு கூமா?" என்று கேட்டேன். கோட்டுப் பொத்தான் என் கையோடு வந்துவிட்டது.

"சரி, ரதோமிர்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்து போய்விட்டார். இத்தனை வருடமும் அவர் என்னைக் கூமே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

அதன் பிறகு காவலர் தியானா ரன்ஜெலோவிச் வந்தார். காரை ஓரம் கட்டுவதற்காக ஏறியவர், பூட்ஸ் அதில் மாட்டுகிறது என்று பெடலுக்கு அடியிலிருந்த விரிப்பை உருவி என் கையில் கொடுத்தார். பெடலை மிதித்தார். அது நான் ஒருநாளும் காணாத ஆழத்துக்குப் போயிற்று. ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"வண்டி நல்லாத்தானே இருக்கு அங்கிள்?" என்றார்.

நான் தேடிய மூன்று மில்லிமீட்டர் நான்காக மடிந்து என் கையில் இருந்தது. இரண்டு முறை கியர்பாக்ஸ் இறக்கியவனிடம் கேட்கிற கேள்வியா அது?

நேற்று மாலை ஐந்து மணிக்குக் கூம் வீட்டுக்குப் போனேன். "அவரு தூங்குறாரு" என்று அந்த அம்மாள் ஜன்னல் வழியாகச் சொன்னார். உள்ளே ரேடியோவில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது, யாரோ கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார். யாஸ்னா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

கவனக்குறைவு என்ற வார்த்தையை நான் ஏற்கமாட்டேன். கவனம் அதிகமாகிப் போனதுதான் என் குற்றம். கூண்டை நானே நிமிர்த்திச் செப்பனிட்டுத் தருகிறேன். கூமைச் சொன்ன சொல்லுக்கு எந்தப் பிரிவு உண்டோ போட்டுக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் சான்றுப் பொருள் என்று விரிப்பை இங்கே வைத்துக்கொள்வது அநியாயம். அதையும் பொத்தானையும் நான் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சாட்சியாக அழைக்கப்பட்டு அவர் இப்போது வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாயால் சொன்னால் கேட்கமாட்டார் என்பதால், இந்த வாக்குமூலத்தை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம், யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

(ஒப்பம்) ரதோமிர் ஸ்தமென்கோவிச்

சாட்சி: படிக்கக் கேட்டேன். சிலிண்டர் நல்ல சிலிண்டர் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும். பொத்தானை என் கூமின் மனைவிதான் தைத்துத் தர வேண்டும், சனிக்கிழமைக்குள் அந்தக் கோட்டு எனக்குத் தேவைப்படுகிறது.

(ஒப்பம்) வுகோமன் அலெக்சிச், கூம்