டிரைவர் தேடினார்கள், டிரைவரைத் தேடவில்லை

தலைமை நாற்காலியைத் தம் அமைதியால் நிறைத்து அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! அவருக்கு அருகில் வீற்றிருந்து, இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தோடு கனிவாகக் கலந்தாலோசித்துக்கொண்டிருக்கும் துறைத்தலைவர் அவர்களே! எங்களுக்கெல்லாம் எழுத்துக்கூட்டக் கற்றுத்தந்து, இன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி எங்கள் பிழைகளுக்காக முன்வரிசையில் காத்திருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தை நெஞ்சுக்குள் அணைத்துக்கொண்டு, பிள்ளைகளின் மன்ற விழாவுக்கு வந்திருக்கும் தாய்மார்களே! நாளை வகுப்பறைகளில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் மாணவ மணிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற வாரம் ஆசிரியர் அறையில் நம் முதல்வர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, பயனிலை, சுட்டுத்தொடர்னு ஒரு பருவம் முழுக்க நடத்துறீங்களே, இதெல்லாம் யாருக்கு உதவப்போகுது? பசங்க கடகடன்னு இங்கிலீஷ் பேசினா போதாதா?"

ஐயா, அன்று நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இன்று ஒலிவாங்கியை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். போதாது ஐயா! போதவே போதாது! கடகடவென்று பேசத் தகர டப்பாவுக்கும் தெரியும். உள்ளே ஒரு கல்லைப் போட்டு உருட்டினால் போதும்!

கைதட்டலைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாடம். பயப்பட வேண்டாம், சிறிய பாடம்தான்.

உலகத்தில் இருக்கிற ஓர் ஆளையோ பொருளையோ விரல் நீட்டிக் காட்டுகிற சொல் சுட்டுத்தொடர். அப்படிக் காட்டியதைப் பற்றிச் செய்தி சொல்வது பயனிலை. ‘எ டாக்டர் கேம்’ என்கிறோம். ஒருவர் வந்திருக்கிறார், எழுந்து போய்ப் பார்க்கலாம், கைகுலுக்கலாம். ‘மை சிஸ்டர் இஸ் எ டாக்டர்’ என்கிறோம். இங்கே அதே ‘எ டாக்டர்’ யாரையும் காட்டவில்லை. என் தங்கை எப்படிப்பட்டவள் என்று சொல்கிறது. அதே இரண்டு சொற்கள்! அங்கே விரல்; இங்கே விவரம். இதைப் பிரித்தறியாதவன் பேசுவது ஆங்கிலமா? அச்சடித்த ஒலியா?

மூன்றாம் வரிசைத் தம்பி கொட்டாவி விடுகிறார். பொறுங்கள் தம்பி, பாடம் முடிந்தது. இனி நடந்த கதை.

என் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டியவர். விடிந்ததும் கடை கடையாக ரொட்டிக்கூடை இறக்குவது அவர் வேலை. ஹாரன் அடிப்பதற்குக்கூடக் கூச்சப்படுகிற மனிதர். ஒரு நாள் மொத்த வியாபாரக் கடைத்தெருவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, பழவண்டி தள்ளிவந்த ஒரு பெரியவரை இடித்துவிட்டார். ஆரஞ்சுப் பழங்கள் தெருவெல்லாம் உருண்டன. பெரியவருக்கு நெற்றி பிளந்து ரத்தம். அத்தான் அவரை அள்ளியெடுத்து, ரொட்டிக்கூடைகளுக்கு நடுவே உட்கார வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். தையல் போட்டார்கள். தலையில் அடி, ஒரு நாள் படுத்திருக்கட்டும் என்றார்கள். அத்தான் கட்டிலருகே கைபிசைந்து நிற்க, பெரியவர்தான் அவரைத் தேற்றினார்.

"நீ போப்பா. உன் ரொட்டியெல்லாம் ஆறிடும்."

அந்த மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு தலைமை மருத்துவர் வந்திருந்தார். வெளிநாட்டு அம்மையார், நம் மொழி தெரியாது. வரவேற்பு மேசையில் இருந்தவரோ... அடடா, அவரைப் பற்றி என்ன சொல்வேன்! ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘கிராமர்’. சட்டைப்பையில் இரண்டு பேனா, நாக்கில் இருநூறு இலக்கண விதி. வலி தாங்காமல் வருகிற நோயாளி ஆங்கிலத்தில் ‘இஸ்’ என்று முனகினால், ‘வாஸ்’ என்று திருத்திவிட்டுத்தான் நம்பர் போடுவார். அப்படிப்பட்ட பண்டிதர்! பளபளப்பான பண்டிதர்! பாத்திரம் நிறைய ஓட்டை வைத்திருந்த பண்டிதர்!

மறுநாள் மருத்துவ அம்மையார் மேசைக்கு வந்து, ‘வீ ஆர் லுக்கிங் ஃபார் எ டிரைவர்’ என்று சொல்லிவிட்டுப் போனார். ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். அவ்வளவுதான் செய்தி. எந்த ஆள்? எந்த ஆளாக இருந்தாலும் சரி! ஆம்புலன்ஸ் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. அந்த அம்மையார் எவரையும் விரல் நீட்டவில்லை.

நம் கிராமர் என்ன செய்தார்? சாப்பாட்டு இடைவேளையில் நேராக வேன் நிறுத்தத்துக்கு வந்தார்.

"விஷயம் தெரியுமா? ஆஸ்பத்திரியில டிரைவரைத் தேடறாங்க!"

அத்தான் டீயைக் கீழே வைத்தார். "எந்த டிரைவரை?"

"பெரிய டாக்டரம்மாவே வந்து சொன்னாங்க. வீ ஆர் லுக்கிங் ஃபார் எ டிரைவர்! எ டிரைவர்னா, ஒரு டிரைவரை. நேத்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தது நீதானே?"

"ஆமா. அவருக்கு என்ன ஆச்சு?"

"கட்டில் காலியா இருக்கு. நான் வேற என்னத்தைச் சொல்ல?"

கட்டில் ஏன் காலி? பெரியவர் காலையிலேயே, ‘எனக்கு ஒன்றுமில்லை, பழமெல்லாம் அழுகிப்போகும்’ என்று சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்! அதை விசாரித்தாரா பண்டிதர்? விசாரிப்பாரா? ஆங்கிலம் தெரிந்தவருக்கு விசாரணை எதற்கு!

அத்தான் வேன் சாவியைக் கூட்டாளி கையில் கொடுத்தார். கைப்பேசியை அணைத்தார். போகிற வழியில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறினார். வீட்டில் என் அக்கா பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவளையும் போலீஸ் பிடித்துப்போகும் என்று பயம்.

அன்பர்களே, ‘வீடு பார்க்கிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘வீட்டைப் பார்க்கிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதில் எந்த வீடும் இன்னும் இல்லை. குடியேற ஏதாவது ஒன்று அமைய வேண்டும். இரண்டாவதில் வீடு கண்முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தின் ‘எ டிரைவர்’ இரண்டு பக்கமும் சாயும். நம் தாய்மொழியோ ஓர் ‘ஐ’யை வைத்து அந்த இரண்டையும் அழகாகப் பிரித்துக் கையில் கொடுத்திருக்கிறது! ‘டிரைவர் தேடறாங்க’ என்று சொல்லியிருந்தால் என் அத்தான் வேலைக்கு மனு போட்டிருப்பார். ‘டிரைவரைத் தேடறாங்க’ என்றதால் ஊரைவிட்டு ஓடினார். பிறமொழியை விழுங்கிய வாய், தாய்மொழியின் ஓர் எழுத்தை எங்கே வைப்பது என்று அறியாமல் போயிற்றே! இந்த அறிவுக்கா இரண்டு பேனா?

கிராமர் மட்டுமா குற்றவாளி? தெருவைக் கேளுங்கள்!

அத்தான் ஓடிய மறுநாளே தெரு தீர்ப்பெழுதிவிட்டது. முதலில், ‘அவன் ஆளைக் கொன்னுட்டானாம்’ என்றார்கள். அது பயனிலை. பொய்யான பயனிலை, ஆனாலும் மறுக்கலாம்; ‘இல்லை, கொல்லவில்லை’ என்று சொல்ல இடமிருந்தது. நாலு நாள் போனதும் அது பெயராகிவிட்டது. ரொட்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வீடு கேட்டு வந்தார். குழாயடியில் நின்ற பெண்மணி சொன்னார்:

"அந்தக் கொலைகாரன் வீடா? அதோ, பச்சைக் கதவு."

வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்! அக்காவுக்குத் துணையாக அப்போது அங்கேயிருந்த நான்தான் கதவைத் திறந்தேன். கவனியுங்கள், கொலையே நடக்கவில்லை. அவர்கள் சொன்ன கொலைகாரன் என்று உலகில் எவனும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் வழிகாட்டிவிட்டது! பொய் விலாசமாகிவிட்டது! விலாசத்தை எவன் மறுப்பான்? ‘பச்சைக் கதவு இல்லை’ என்றா என் அக்கா வாதாடுவாள்?

அவள் வாதாடவில்லை. பக்கத்து வீட்டார் பேச்சை நிறுத்தும்வரை வாசலிலேயே நிற்பாள். அவர்கள் நிறுத்தியதும் உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் தெருமுனையில் ஒரு பழவண்டி நின்றது. குழாயடிப் பெண்மணி ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டே கதை சொல்லத் தொடங்கினார். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்காரன் ஒருத்தரை அடிச்சுக் கொன்னுட்டு ஓடிட்டான், தெரியுமா?"

வண்டிக்காரர் உச்சுக்கொட்டினார். "அடப் பாவமே. செத்தவருக்குப் பிள்ளைகுட்டி உண்டா?"

"யாருக்குத் தெரியும்? அவரும் உங்களை மாதிரி பழம் விக்கிறவராம்."

"நம்ம ஆளா! எந்தப் பக்கம் வண்டி தள்ளுவார்?"

"மொத்தக் கடைத்தெருவுல. ரொட்டி வேன் பின்னால வந்து இடிச்சுதாம்."

பெரியவரின் கை தராசை விட்டது. மெல்ல நெற்றிக்குப் போனது. அங்கே தையல் தழும்பு.

"ஏம்மா," என்றார், "அது நான்தான் போலிருக்கே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! தன் சாவுக்குத் தானே துக்கம் கேட்ட மனிதரை வேறெங்கே பார்க்கப் போகிறீர்கள்? ஆனால் அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. "அப்போ வேற யாரையாவது கொன்னிருப்பான்," என்றார்! கேட்டீர்களா அநியாயத்தை? பிணம் எழுந்து நின்று பழம் நிறுக்கிறது. ஆனாலும் கொலைகாரன் வேண்டுமாம்!

கிராமர் வந்து சொன்னதை வேன் நிறுத்தத்துக் கூட்டாளி எங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பெரியவரையும் அழைத்துக்கொண்டு நான் மருத்துவமனைக்கு ஓடினேன். தலைமை மருத்துவ அம்மையாரிடம், எந்த டிரைவரைத் தேடினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ‘எந்த டிரைவரா? எவராவது ஒருவர்! இன்னும் கிடைக்கவில்லையே!’ என்றார். திரும்பி வந்து கிராமர் முன்னால் நின்றேன். நடந்ததெல்லாம் சொன்னேன். ஒரு குடும்பம் குலைந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து மூடினார்.

"மேடம், நான் சொன்ன சென்டென்ஸ்ல ஒரே ஒரு கிராமர் மிஸ்டேக் காட்டுங்க பார்க்கலாம்."

காட்ட முடியவில்லை அன்பர்களே! இலக்கணப்பிழை ஒன்றுகூட இல்லை! செயப்படுபொருள் இருந்தது, பயனிலை இருந்தது, ஒற்றுப்பிழைகூட இல்லை. பொருள் மட்டும்தான் இல்லை. இப்படிப்பட்ட பிழையற்ற பேதைமையைத்தானே நாம் வருடந்தோறும் சான்றிதழ் கொடுத்து வாசல்வரை வழியனுப்பிவைக்கிறோம்?

அத்தான் எங்கே? தெரியாது. தேடாத இடமில்லை. அதற்குள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழத் தொடங்கியபோதுதான், வேன் நிறுத்தத்து நண்பர் ஒருவர் தொலைதூர ஊரில் ஒரு சிமென்ட் கிடங்கில் அவரைக் கண்டதாகச் சொன்னார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டேன். பழவண்டிப் பெரியவர் தாமாகவே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "செத்தவன் நேர்ல வந்தாத்தான் அந்தத் தம்பி நம்பும்," என்றார்.

கிடங்கின் வாசலில் நின்றோம். உள்ளேயிருந்து ஒரு சாம்பல் உருவம் முதுகில் மூட்டையோடு வந்தது. புருவத்தில் சிமென்ட், மீசையில் சிமென்ட். அக்காவைக் கண்டதும் நின்றது. குழந்தையைக் கண்டதும் மூட்டை நழுவியது. பெரியவர் முன்னால் போய்த் தலைப்பாகையை அவிழ்த்தார்.

"தம்பி, என்னைத் தெரியுதா? நீ கொன்ன ஆளு."

அத்தான் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார். அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முகத்துச் சிமென்டில் கண்ணீர் இரண்டு கோடு இழுத்தது. அக்கா அவ்வளவு காலம் அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது.

"ஓடுறதுக்கு முன்னாடி, எந்த டிரைவரைன்னு ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா உங்களுக்கு?"

"கேட்டேனே," என்றார் அத்தான். "அவன் இங்கிலீஷ்ல பதில் சொன்னான். அதுக்கு மேல நான் எப்படிக் கேட்பேன்?"

ஐயா! முதல்வர் ஐயா! இந்தப் பாடம் யாருக்கு உதவும் என்று கேட்டீர்களே! ‘அதுக்கு மேல நான் எப்படிக் கேட்பேன்’ என்று தலைகுனிகிற ஒவ்வொரு மனிதனுக்கும் உதவும்! ஆங்கிலம் வந்து நின்றதும் அறிவு எழுந்து இடம் கொடுக்கிறதே, அந்த அடிமைப்புத்திக்கு மருந்தாக உதவும்!

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். குழந்தை அப்பாவிடம் போக மறுத்து அழுதது. பழக வெகுநாள் ஆயிற்று. ஆம்புலன்ஸ் வேலைக்கு அதற்குள் வேறொருவர் வந்துவிட்டார். ரொட்டிக் கம்பெனி, ‘முன்னாடி ஏதோ கொலைக் கேஸ்னு பேசிக்கிட்டாங்களே’ என்று இழுத்துக் கைவிரித்தது. இப்போது அவர் ஓட்டுவது தண்ணீர் லாரி. நாங்கள் ஊர் திரும்பிய அன்று குழாயடிக் கூட்டம் பச்சைக் கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தது.

"ஓடிப்போனவர் வந்துட்டாரா?"

அக்கா கதவை முழுக்கத் திறந்தாள். "அப்படி யாரும் இங்க இல்லை. என் வீட்டுக்காரர் வந்திருக்கார். பார்க்கணும்னா உள்ள வாங்க."

ஒருவரும் உள்ளே வரவில்லை.

மாணவ மணிகளே! திருடன் என்கிறார்கள், துரோகி என்கிறார்கள், தண்டம் என்கிறார்கள். முதலில் வசையாக வரும். பிறகு பெயராக அமரும். கடைசியில் விலாசமாக ஒட்டிக்கொள்ளும். அது பெயராவதற்கு முன்னால் தடுத்து நிறுத்துங்கள்! யாரைச் சொல்கிறாய் என்று கேளுங்கள்! அப்படி ஓர் ஆள் இருக்கிறானா என்று கேளுங்கள்! அவன் அதைச் செய்தானா என்று கேளுங்கள்! தமிழில் சொன்னாலும் கேளுங்கள், ஆங்கிலத்தில் சொன்னால் இன்னும் உரக்கக் கேளுங்கள்! நாளை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, ‘யாரைச் சொல்றீங்க டீச்சர்?’ என்று கேட்டால், தயவுசெய்து ‘உட்கார்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவு நேரம் என் ஏச்சையும் பேச்சையும் தாங்கிய உங்கள் செவிகளுக்கு நன்றி. கேட்ட கேள்விக்கு மேடையிலேயே பதில் சொல்ல அனுமதித்த முதல்வருக்கு இரட்டிப்பு நன்றி. வணக்கம்!