கீழ் வரிசை டப்பா

பாம்பு வளர்ப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை, மேடம். நாய் வளர்ப்பவர்கள்தான் பாவம். மழை பெய்தாலும் வெளியே கூட்டிப்போக வேண்டும், ஊருக்குப் போனால் யார் வீட்டிலாவது விட்டுப்போக வேண்டும். என்னுடையவற்றுக்குத் தண்ணீர்க் கிண்ணம் சுத்தமாக இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு வெள்ளெலிக் குஞ்சு. சத்தம் போடாது, எதையும் கேட்காது.

தண்ணீர் மாற்றும் வேலையை என் மனைவி தேவயானி செய்துவந்தாள். நான் சொல்லி ஆரம்பித்ததில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு வேலை கிடந்தால் அதை யார் செய்வது என்று கேட்காத பெண் அவள். காலையில் டீ போட்டு முடித்ததும் பாம்புகள் இருக்கும் அறைக்குள் போய்விடுவாள். அதன் பிறகுதான் தையல் மிஷினில் உட்காருவாள்.

ஹாக்நோஸ் என்று அந்தப் பாம்புக்குப் பெயர். அமெரிக்காவில் மணல் பூமியில் இருப்பது. பன்றிக்கு இருப்பதுபோல மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். அதை வைத்துத்தான் மண்ணைக் கிளறும். கை நீளத்துக்கு மேல் வளராது. பயம் வந்தால் மல்லாந்து விழுந்து வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு, செத்ததுபோல் கிடக்கும். தேவயானி அதை முதலில் பார்த்த அன்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். எல்லாவற்றையும் மூக்கி என்றுதான் கூப்பிடுவாள். மஞ்ச மூக்கி, சாம்ப மூக்கி, கோவக்கார மூக்கி.

அது கடித்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் விஷம் உண்டு. கை இரண்டு நாள் வீங்கும், பிறகு வடிந்துவிடும். ஆளைக் கொல்லாது. இதைத் தேவயானிக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவற்றுக்கு அனுமதிக் காகிதம் எதுவும் என்னிடம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் துணிமணிக்கு நடுவே, காலுறைகளில் போட்டுக் கொண்டுவந்தவை. ஒன்று கறுப்பு நிறமே இல்லாதது, ஆரஞ்சுப் பழத் தோல்போல் இருக்கும். இன்னொன்று மஞ்சளும் சிவப்பும் இல்லாதது, வெறும் சாம்பல். இரண்டையும் சேர்த்தால் பிறக்கிற குஞ்சுகள் சாதாரணமாகத்தான் இருக்கும். அந்தக் குஞ்சுகளை வளர்த்து, அவை பருவத்துக்கு வந்தபின் ஒன்றோடொன்று சேர்த்தால், பதினாறில் ஒன்று இரண்டு நிறமும் இல்லாமல் பிறக்கலாம். பனி நிறம். பிறக்காமலும் போகலாம்.

இதற்கு எனக்கு ஆறு வருஷம் ஆனது. அவை குளிர்காலம் பார்த்தால்தான் இணைசேரும். பெரம்பலூரில் குளிருக்கு எங்கே போவது? வீட்டில் ஓர் ஏசி இருந்தது, அதை அந்த அறையில் மாட்டினேன். சித்திரை வெயிலிலும் நானும் தேவயானியும் ஃபேன் காற்றில் படுத்தோம். அவள் குறை சொன்னதில்லை. கரண்ட் போனால் முதலில் எழுந்துபோய் இன்வெர்ட்டரைப் பார்ப்பவளும் அவள்தான்.

ஊரில் என்னைப் பாம்பு பிடிக்கிறவனாகத்தான் தெரியும். இளையபெருமாளுக்கு ஒரு போன் போடு என்பார்கள். பிடித்துக் காட்டில் விடுவேன். எவரிடமும் எதுவும் வாங்கியதில்லை. ஒருமுறை மட்டும் வனத்துறை ஆள் ஒருவர், பிடித்த பாம்பை வீட்டில் இரவு வைத்திருக்கக் கூடாது, மறுபடி கேள்விப்பட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் ரஞ்சன்குடி பக்கத்தில் ஒரு வெள்ளாமைக் காட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சின்ன வெங்காயத்தைக் குவித்து மூடிவைத்திருந்த பட்டறைக்கு அடியில் ஒரு சுருட்டை விரியன். பிடித்துவிட்டேன். கொண்டுபோன பை ஓரத்தில் கிழிந்திருந்தது. உடனே போய் விடலாம்தான். ஆனால் அன்று நான் பகலெல்லாம் அலைந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, காலியாக இருந்த ஒரு டப்பாவில் அதைப் போட்டு மூடி, அலமாரியின் கீழ் வரிசையில் வைத்தேன். மற்றவை எல்லாம் இருக்கிற அதே மாதிரி டப்பா. மூக்கிகளை அவ்வப்போது டப்பா மாற்றிவைப்பது என் வழக்கம். விடிந்ததும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

தேவயானியிடம் சொல்லவில்லை. சொன்னால் விரியனை வீட்டுக்குள் ஏன் வைத்தீர்கள் என்பாள், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பேச அலுப்பாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். நீங்கள் வேறு ஏதோ எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. வேறு இல்லை.

காலையில் நான் பின்பக்கம் எலிக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். ஒங்க மூக்கி என்னைக் கடிச்சிடுச்சு."

பயந்த குரல் இல்லை. கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. போய்ப் பார்த்தேன். கீழ் வரிசை டப்பா பாதி திறந்திருந்தது. உள்ளே விரியன் உடம்பை வளைத்து வளைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. வாணலியில் மணலை வறுப்பதுபோல் ஒரு சத்தம். விரியனுக்கும் சாதாரண மூக்கிக்கும் ஏறக்குறைய ஒரே மண் நிறம், ஒரே மாதிரித் திட்டுகள். பார்க்கத் தெரியாதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நான் மூடியை அழுத்தி மூடினேன்.

அவள் வலது கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். சொட்டு ரத்தம்.

"பசியில கடிச்சிருக்கும். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டீர்கள். யோசிக்க நேரம் ஆகவில்லை, மேடம். உண்மையைச் சொன்னால், தினமும் அவள் கை போகிற இடத்தில் அதை வைத்தவன் நான் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை அப்போது தாங்க முடியாது என்று தோன்றியது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவளே சொன்னாள். இதை எழுதிக்கொள்ளுங்கள். "இதுக்குப் போயி யாரு ஜி.எச்.சுல வரிசைல நிக்கிறது, ரெண்டு ரவிக்கை தச்சுத் தரணும்" என்றாள். அவள் வாயால் சொன்ன வார்த்தை.

மதியத்துக்குள் வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியது. ஐஸ் வைத்துக் கட்டினேன். ஹாக்நோஸ் கடித்துக் கை வீங்கியவர்களின் படங்கள் என் போனில் இருந்தன, அவற்றைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "இவங்களுக்கெல்லாம் இவ்ளோ வீங்கலியே" என்றாள். ஆளுக்கு ஆள் மாறும் என்றேன்.

எதிர்வீட்டு ராசாங்கம் அண்ணன் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பம்பு கேட்டு வந்தார். தேவயானியின் கையைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, கை இப்படி கறுத்துக் கெடக்கு?"

"கதண்டு கொட்டிடுச்சுண்ணே."

"கதண்டா? எதுக்கும் ஆஸ்பத்திரில காட்டிடுங்க. என் வண்டி சும்மாதான் நிக்கிது."

தேவயானி என்னைப் பார்த்தாள். அவர் போனதும், "ஏன் கதண்டுன்னீங்க?" என்று கேட்டாள். மூக்கிகளைப் பற்றி வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா என்றேன். அவளுக்குத் தெரியும்.

அப்போது மூக்கிகளின் முட்டைகள் இன்குபேட்டரில் இருந்தன. பொரிக்கப்போகிற முட்டை லேசாகச் சுருங்கி உள்வாங்கும். அவை உள்வாங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் என்ன பாம்பு என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பாம்புதான் என்று அவள் சொல்லுவாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வனத்துறை வரும். ஏசியை அணைப்பார்கள், முட்டைகளை ஒரு சாக்கில் போட்டு எடுத்துப்போவார்கள். முட்டையைத் திருப்பி வைத்தாலே உள்ளே இருப்பது செத்துவிடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று நினைத்தேன். சுருட்டை கடித்தவர்கள் எல்லோரும் சாவதில்லை. எவ்வளவு விஷம் இறங்கியது என்பதைப் பொறுத்தது. தப்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் திருச்சி ஹாஸ்டலிலிருந்து எங்கள் மகள் கவியா பேசினாள். தேவயானி அவளிடம் மறைக்கவில்லை.

"மூக்கி கடிச்சிடுச்சுடி. கை தடியா வீங்கிக் கெடக்கு."

"என்னம்மா சொல்ற? ஊசி போட்டியா? போனை அப்பாட்ட குடு."

நான் வாங்கினேன். "போட்டாச்சும்மா. ஜி.எச்.சுக்குப் போயிட்டு இப்பதான் வந்தோம். நீ படி" என்றேன். தேவயானி கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் பயப்படக் கூடாதென்று சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். நானும் அதற்காகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவள் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. வாசற்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மூக்கி கடிச்சா பல்லுல ரத்தம் வருமா?"

"புது பிரஷ்ஷு. கெட்டியா இருந்திருக்கும்."

அவள் மறுபடி கேட்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று இங்கே சொல்ல மாட்டேன். ரத்தம் உறையாமல் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். முப்பது பேருக்கு மேல் நின்ற கூட்டங்களில் இதை விளக்கிப் பேசியிருக்கிறேன். பாம்பு கடித்தால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறேன்.

விரியனைக் கொண்டுபோய்ப் பிடித்த ஊருக்கு அப்பால் கரட்டுக் குன்றில் விட்டுவிட்டு வந்தேன். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது முதல் முட்டை கிழிந்திருந்தது. சாதாரண நிறக் குஞ்சு. அடுத்தடுத்து இரண்டு, அவையும் அப்படியே. பிறகு ஓர் ஓரத்து முட்டையில் சின்னக் கீறல். அதிலிருந்து ஒரு மூக்கு நுனி தெரிந்தது. கழுவின அரிசி நிறம். கண் ரோஜா நிறம்.

ஆறு வருஷம், மேடம். அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், இல்லை. எங்கேயாவது படுத்துத் தூங்க வேண்டும்போல் இருந்தது. இருந்தாலும் தேவயானியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். "ரோஸா இருக்குதுங்க, நம்ம கவியா பொறந்தப்ப இருந்த மாதிரி" என்றாள். பிறகு தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது அவளை எழுப்ப முடியவில்லை. ராசாங்கம் அண்ணன் வண்டியில் ஏற்றிப்போனேன். தோட்டத்தில் இன்று காலை ஏதோ கடித்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். அந்தப் பெண் டாக்டர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்திவைத்தார். அது உறையாமல் தண்ணீராகவே இருந்தது. தோள்வரை கறுத்திருந்த கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி "எப்ப கடிச்சுது?" என்றார். காலையில் என்றேன். மருந்து ஏற்றினார்கள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மதியத்துக்கு மேல் அவள் இல்லை.

கவியா ஓடிவந்ததும் டாக்டரிடம் முதலில் கேட்டது, முந்தாநாள் போட்ட ஊசி ஏன் வேலை செய்யவில்லை என்றுதான். நீங்கள் போலீஸ் ஜீப்பில் என் வீட்டுக்கு வந்தது அதனால்தான். அவளை நான் குற்றம் சொல்லவில்லை.

வேண்டுமென்று கொன்றாயா என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளே ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாள் என்றும் சொன்னேன். ராசாங்கம் அண்ணன் மாடியிலிருந்து ஒன்றைப் பார்த்ததாக நீங்கள் இப்போது சொல்கிறீர்கள். அவர் பார்த்தது உண்மை. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கொஞ்சம் தூங்க விடுங்கள்.

இரண்டாம் நாள், அந்த வெள்ளைக் குஞ்சு பாதி வெளியே வந்திருந்தபோது, கேட் கொண்டி ஆடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தேவயானி சேலை மாற்றியிருந்தாள். செருப்புப் போட்டிருந்தாள். பர்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் கொண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது இறுக்கமான கொண்டி, ஒரு கையால் வராது.

"நான் மட்டும் போயி காட்டிட்டு வந்துடறேங்க. நீங்க குஞ்சப் பாருங்க" என்றாள். "மூக்கியப் பத்தி வாயே தொறக்க மாட்டேன். தோட்டத்துல ஏதோ கடிச்சுதுன்னு சொல்லிக்கிறேன்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று சற்றுமுன் உங்களிடம் சொன்னேன். ஆனால் அந்தப் பொய்யை அவள் சொல்லியிருப்பாள். மறுநாள் டாக்டரிடம் நான் சொன்னதும் அவள் யோசித்துவைத்த அதே வார்த்தைகள்தான். அவளைப் போகவிட்டிருந்தால் மருந்து ஏறியிருக்கும், முட்டைகளுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் டாக்டர் பார்த்ததும் சுருட்டை என்று சொல்லிவிடுவார், இவள் திரும்பி வந்து என்னைக் கேட்பாள்.

நான் செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழற்றினாள். உள்ளே கூட்டிவந்து படுக்கவைத்து, கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். அண்ணன் பார்த்ததில் ஒன்று மட்டும் தவறு, மேடம். நான் அவளை இழுத்துக்கொண்டு வரவில்லை. கடிபட்ட கை வலிக்கும் என்று, இந்தப் பக்கம் வந்து நல்ல கையைப் பிடித்து மெதுவாகத்தான் கூட்டிவந்தேன்.