மூன்று முறை துடைத்தேன், மூன்று முறையும் திரும்பி வந்தது

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

அவையை ஆளும் தலைவர், கடலோரக் கல்வி வட்டத்தின் கண்ணியமிக்க முத்தலிப் ஹாஜியார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முகத்தாலேயே எனக்கு மரியாதை தந்துகொண்டிருக்கும் மார்க்க அறிஞர்களான உலமாக்களே, ஊர்ப் பெரியவர்களே! பாண்டிருப்பிலிருந்து பகல் வெயிலையும் பாராமல் வந்திருக்கும் அயலூர் உறவுகளே! பந்தலின் இடப்பக்கத்தில், மடியிலே பிள்ளையும் மனதிலே பொறுமையும் சுமந்திருக்கும் தாய்மார்களே, ராத்தாமார்களே, தங்கச்சிமார்களே! உங்கள் ஒவ்வொருவர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

ஹாஜியார், அந்தப் பொன்னாடையைக் கொஞ்சம் மேசையிலேயே வையுங்கள். இல்லை, இல்லை, கோபமில்லை. நான் பேசி முடித்த பிறகு அது யாருடைய தோளுக்கு உரியது என்று சபையே சொல்லட்டும்.

எனக்கு ஒரு தலைப்புத் தந்திருக்கிறீர்கள். அழைப்பிதழில் அழகாக அச்சடித்திருக்கிறீர்கள். ‘ஹார்ட் டிஸ்கைத் துடைத்த பின்னும் வைரஸ் உயிர் வாழுமா? விளக்கவுரை: நம் கணினிக் கூடத்தின் காவலர் முர்ஷித் சேர்.’ காவலர்! அந்தச் சொல்லை வாசித்ததும் அழைப்பிதழை மடித்து வைத்துவிட்டேன்.

சரி, கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஹார்ட் டிஸ்கை ஒழுங்காக, ஒரு மூலை விடாமல் துடைத்தால் அதிலுள்ள வைரஸ் அழிந்துபோகும். மதர்போர்ட் என்கிற தாய்ப்பலகையிலுள்ள சில்லுக்குள் ஒளிந்துகொண்டு தப்புகிற சில கொடிய வகைகள் உலகத்தில் உண்டு. ஆனால் அவை மிக அரிது. கல்முனைப் பக்கத்துக் கடைகளில் நான் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. அப்படியென்றால் துடைத்த பிறகும் ஏன் திரும்பி வருகிறது? எங்கிருந்து வருகிறது? யார் கையால் வருகிறது?

யார் கையால் என்று சொல்லத்தான் இன்றைக்கு இந்த ஒலிவாங்கியின் முன்னால் நிற்கிறேன்.

போன வருடம் நம் கணினிக் கூடத்தில் பன்னிரண்டு கணினிகள். காலையில் திறந்தால் போல்டர்கள் காணாமல் போயிருக்கும். அவற்றின் இடத்தில் அதே பெயரில், அதே உருவில் போலிகள் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் அழுதார்கள். கணினி திருத்தும் கடைக்காரன் நான் வந்தேன். வெற்றி வீரனாய் வந்தேன். பன்னிரண்டையும் துடைத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் துடைத்தேன். மூன்றாம் முறையும் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் துடைத்தது வைரஸை மட்டுமா? சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் மாதக் கணக்காய்ச் செய்த செயற்றிட்டங்களையும் சேர்த்துத் துடைத்தேன். அங்கே, மூன்றாவது வரிசையில் இருக்கிற தங்கை பஸ்மினாவுக்குத் தெரியும், அந்த வேதனை.

சிரிக்காதீர்கள் தம்பிமாரே. சிரிக்க வேண்டிய இடம் வரவில்லை. வரப்போவதுமில்லை.

பெற்றோர் கூட்டம் கூட்டினீர்கள். இதே பந்தல், இதே ஒலிவாங்கி, நாற்பது வீட்டு உம்மா வாப்பாமார். ஹாஜியார் என்னிடம் கேட்டார், “முர்ஷித், இது எங்கால வருகுது?” மூன்று முறை தோற்றவனுக்கு அன்றைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. என் கண் ஒரு கைப்பையின் மேல் விழுந்தது. அது சுலக்சனா டீச்சரின் கைப்பை.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். சுலக்சனா டீச்சர், பாண்டிருப்புத் தங்கராசா அண்ணரின் மகள். கடலுக்குப் போகிற குடும்பம். மூன்று வருடம் சைக்கிளில் வந்து நம் பெண்பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்தவர். நம் நோன்பு நேரத்தில் பிள்ளைகளின் முன்னால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காதவர்.

நான் ஒலிவாங்கியில் சொன்னேன். “டீச்சர்ட பென் ட்ரைவ் வீட்டுக்கும் போகுது, இஞ்சயும் வருகுது. வேற என்ன வழி?”

அவர் எழுந்தார். கைப்பையைத் திறந்தார். அந்த நீல நிறப் பென் ட்ரைவை என் முன்னால் மேசையில் வைத்தார். “சேர், இந்தா இரிக்கி. இப்பவே போட்டுப் பாருங்க” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பார்க்கத் தேவல்ல.”

பார்க்கத் தேவையில்லையாம்! பரிசோதிப்பதே தொழிலாய்ப் பிழைக்கிறவன், பரிசோதிக்காமல் தீர்ப்புச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அங்கால ஆள இஞ்ச எடுத்தா இப்பிடித்தான்.” வேற்று ஊர், வேற்று மதம் என்று குத்திய அந்தக் குரலுக்கு நான் மறுப்புச் சொன்னேனா? இல்லை. அந்தக் குரல் எனக்குத் துணையாக வந்ததென்று உள்ளுக்குள் ஆறுதல் பட்டேன். வெட்கம்! டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பென் ட்ரைவ் மேசையிலேயே கிடந்தது; நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் மறுபடி வரவில்லை.

ஆனால் வைரஸ் வந்தது! நான் மறுபடி துடைத்த இரண்டே வாரத்தில் நான்காம் முறையும் வந்தது. டீச்சர் இல்லை, டீச்சரின் கைப்பை இல்லை; வைரஸ் மட்டும் இருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. உறை பிரிக்காத புத்தம் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை என் கடையில் ஒரு கணினிக்குள் பூட்டினேன். கம்பெனி சீடியிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். சுத்தம்! பளிங்கு போலச் சுத்தம். பிறகு வழமையாகச் செய்கிற வேலையைச் செய்தேன். என் வழமை உங்களுக்குத் தெரியும். நான் திருத்திக் கொடுக்கிற ஒவ்வொரு கணினியிலும் பரக்கத் எனும் இறையருள் வேண்டி, குர்ஆன் ஓதும் கிராஅத் ஒலிப்பதிவுகள் போட்டுத்தான் கொடுப்பேன். என் சட்டைப் பையிலுள்ள பச்சைப் பென் ட்ரைவிலிருந்து போடுவேன். அன்றும் போட்டேன். கணினியை நிறுத்தித் திறந்தேன்.

போல்டர்களைக் காணவில்லை. போலிகள் உட்கார்ந்திருந்தன.

ஆம், ஹாஜியார். ஆம், உலமாக்களே. ஓதலில் குற்றமில்லை, ஓதலுக்கு எந்தக் குற்றமும் இல்லை. ஓதலைச் சுமந்த என் பென் ட்ரைவில்தான் அந்த வைரஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள பென் ட்ரைவையெல்லாம் சந்தேகித்தேன். என்னுடையதை ஒரு நாளும் பரிசோதிக்கவில்லை. நன்மையான பொருள் இருக்கிற இடத்தைச் சோதிப்பது மரியாதைக் குறைவென்று நினைத்தேன். இல்லை, அதுகூடப் பொய். என்னை நானே சோதிப்பது எனக்கு மரியாதைக் குறைவென்று நினைத்தேன்!

பிறகு அந்த நீலப் பென் ட்ரைவைத் திறந்து பார்த்தேன். வைரஸ் இருந்ததா? ஒரு துளியும் இல்லை; தன்னுடையதை அவர் சோதித்துச் சோதித்தே வைத்திருந்திருக்கிறார். என்ன இருந்தது? ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு போல்டர். பஸ்மினாவின் செயற்றிட்டம். எல்லாப் பிள்ளைகளின் செயற்றிட்டங்களும். நான் துடைக்கத் துடைக்க, அந்தப் பெண் பின்னால் நின்று, வைரஸ் ஓய்ந்ததும் திருப்பிப் போடுவதற்காகப் பிரதி எடுத்துப் பாதுகாத்திருக்கிறார். நான் குற்றம் சுமத்திக் காட்டிய கைப்பைக்குள்தான் உங்கள் பிள்ளைகளின் உழைப்பு பத்திரமாக இருந்தது.

கைதட்ட வேண்டாம். கேளுங்கள். இனித்தான் கேவலம் இருக்கிறது.

உண்மை தெரிந்த அன்றே நான் ஓடிவந்து சொன்னேனா? இல்லை. என் பச்சைப் பென் ட்ரைவை இரகசியமாகச் சுத்தம் செய்தேன். பன்னிரண்டு கணினிகளையும் கடைசி முறையாகத் துடைத்தேன். நீலப் பென் ட்ரைவிலிருந்த செயற்றிட்டங்களைத் திருப்பிப் போட்டேன். “எப்பிடி சேர் மீட்டெடுத்தீங்க?” என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். வெறுமனே சிரித்தேன்! எங்கள் வீட்டுக்கு நன்றிப் பலகாரமாக வட்டிலப்பம் வந்தது, சாப்பிட்டேன். பதினொரு மாதமாக வைரஸ் வரவில்லை. “பாருங்க, அந்தப் புள்ள போனதோட நோயும் போயிட்டு” என்று இந்த ஊர் கதைத்தது. அந்தக் கதை என் காதில் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. என் மௌனமே அந்தப் பழிக்குச் சாட்சியாய் நின்றது. அதற்குத்தான் இந்தப் பொன்னாடை!

போன மாதம் பஸ்மினா கடைக்கு வந்தாள். பழைய செயற்றிட்டத்தைத் திறந்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு. ‘பஸ்மினா, மூன்றாவது அட்டவணையை நாளைக்குச் சேர்ந்து திருத்துவோம். டீச்சர்.’ பிள்ளை என்னிடம் கேட்டாள், “சேர், நீங்க மீட்டெடுத்த பைலுக்குள்ள டீச்சர் எப்பிடி வந்தாங்க?”

அடுத்த நாள் பாண்டிருப்புக்குப் போனேன். தங்கராசா அண்ணர் உட்காரக் கதிரை போட்டார். பிளேன்டீ தந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் சொன்னார்.

“சேர், எங்கட வீட்டுக்க வந்து மெதுவா சொல்றீங்க. அண்டைக்கு மைக்கிலதானே சொன்னீங்க?”

அவ்வளவுதான்.

அன்பர்களே! ஐந்து வேளை தொழுது, அழுது, பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்து என் உள்ளத்தை நான் துடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு டிஸ்கைத் துடைத்துப் பயனென்ன? நான் பரப்பியது உங்கள் வீடுகளில் அல்லவா இருக்கிறது! நீங்கள் மச்சியிடம் சொன்னீர்கள். மச்சி சந்தையில் சொன்னாள். சந்தையில் கேட்டவர் பஸ்ஸில் சொன்னார். அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான் பொறுக்காமல் அல்லாஹ் பொறுப்பதில்லை என்று இதே உலமாக்கள்தானே நமக்குப் படித்துத் தந்தார்கள்? ஆகவே கேட்கிறேன். என்னை மன்னியுங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. யார் யாரிடம் அந்தப் பழியைச் சொன்னீர்களோ, அவரவரிடம் போய்ச் சொல்லுங்கள். பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ‘வைரஸைக் கொண்டு வந்தவன் முர்ஷித். பிள்ளைகளின் வேலையைக் காப்பாற்றியவர் சுலக்சனா டீச்சர்.’ இதைச் சொல்லுங்கள்! வீட்டிலே சொல்லுங்கள், சந்தையிலே சொல்லுங்கள், பஸ்ஸிலே சொல்லுங்கள்!

ஹாஜியார், கூடத்துச் சாவியை இந்த மேசையில் வைக்கிறேன். டீச்சரை மறுபடி அழைப்பது உங்கள் கடமை. வருவதும் வராததும் அவருடைய விருப்பம்.

என்ன? பின்னால் யார்? ... ஓ. வழி விடுங்கள். தயவு செய்து வழி விடுங்கள். தங்கராசா அண்ணரோடு டீச்சர் வந்திருக்கிறார். வாருங்கள் டீச்சர். மேடைக்கு வர விருப்பமில்லையா? சரி, நான் இறங்கி வருகிறேன். இந்த மைக் வயர் எட்டும்.

இதோ, உங்கள் நீலப் பென் ட்ரைவ். ஒரு வருடமாக என்னிடம் இருந்தது.

டீச்சர் ஒரு கேள்வி கேட்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். “போட்டுப் பார்த்திட்டா தாறீங்க, சேர்?” என்று கேட்கிறார்.

ஓம், டீச்சர். பார்த்தேன். அன்றைக்கு, இதே இடத்தில், நீங்கள் கேட்டபோதே பார்த்திருக்க வேண்டும்.

பொறுமையோடு கேட்ட சபைக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், வரவேண்டிய கட்டாயம் எதுவுமின்றி வந்த இந்த இருவருக்கும் என் நன்றி. உங்கள் அனைவருக்கும் என் ஸலாம், என் வணக்கம். வஸ்ஸலாம்.