பாவா வூட்டு வாசல்ல ஒரு மெத்தை

இல்லம்மா, கட்டிலுக்கு இல்ல. வண்டிக்குன்னு சொல்லிகினே இருக்கறேன், நீ மறுபடியும் கட்டில் அளவு கேக்கற. அதோ உன் கடை வாசல்ல நிக்குது பாரு, வெள்ளை ஆம்னி. பின்னாடி சீட்டெல்லாம் கழட்டிட்டேன். அதுக்குள்ள போடணும், அது மேல நான் படுக்கணும். அவ்ளோதான்.

ஏன் சிரிக்கற? வூடெல்லாம் இருக்குது, மலையடிவாரத்துல சொந்த வூடு. ஜெயம்மா ஒண்ணும் என்னைத் தொரத்தல. எங்க தெருவுல எல்லாரும் அப்டித்தான் நெனைச்சானுங்க. போன வாரம் மத்தியானம் சாப்ட்டுட்டு, சும்மா படுத்துப் பாக்கலாம்னு வாசல்ல நின்ன வண்டியில காலை நீட்டினேன். எதிர் வூட்டு ஜோசப்பு காபி எடுத்துகினு வந்துட்டான். அண்ணே, மனசுல வெச்சிக்காத, நான் அண்ணிகிட்ட பேசறேன்றான். அண்ணி உள்ள நிம்மதியா ரசஞ்சோறு சாப்ட்டுகினு இருக்கறா. அவளைச் சமாதானம் பண்ண ரெண்டு பேர் போயிட்டாங்க.

அளவா? இந்தா துண்டு. முடிச்சு போட்டு வெச்சிருக்கறேன். இந்த முடிச்சுல இருந்து அந்த முடிச்சு வரைக்கும் நீளம். நடுவுல சின்ன முடிச்சு இருக்குது பாரு, அங்க சக்கரத்து மேல மேடு வருது, ரெண்டு பக்கமும். அதை வுட்டுட்டு அகலம் எடுத்துக்க. உன் டேப்பை இதுமேல வெச்சி நீயே எழுதிக்கம்மா, எனக்கு அந்த நம்பருங்க எல்லாம் வராது. துண்டு தப்பு சொல்லாது. என்ன, நேத்து ஜெயம்மா தொவைச்சிட்டா, கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஒரு வெரல் சேத்துக்க.

காத்தடிக்கிற மெத்தையா? அந்தப் பேச்சே வேணாம். எங்க மாப்ள சூர்யபிரகாஷ் போன்ல பாத்து வரவழைச்சிக் குடுத்தான். காருக்குன்னே செஞ்சதாம். காத்தடிச்சி முடிச்சா மாப்ள மாதிரியே இருக்குது, பாக்கறதுக்குப் பெருசா. ஏறிப் படுத்தேன். கொஞ்ச நேரத்துல அடியில புஸ்ஸுன்னு சத்தம். பாம்புன்னு எகிறினேன், வண்டிக் கூரையில மண்டை மோதிகிச்சி. கடைசில பாத்தா, ஆடிக்கிருத்திகைக்கு மலைக்கு சவாரி போனேன் இல்ல, அப்ப அலகு குத்திகினவங்க யாரோ ஒரு சின்ன வேல் கம்பியை உள்ளயே வுட்டுட்டுப் போயிருக்கறாங்க. முருகனே குத்திட்டாரு, நான் யாருகிட்ட போய் நியாயம் கேக்கறது?

அந்த தேங்கா நாரு மெத்தை எப்டி? படுத்துப் பாக்கட்டுமா? செருப்பு கழட்டிட்டேன்மா, பயப்படாத. ம்... இதுக்கு மலைப்படியிலயே படுத்துக்கலாம். சரி, அந்த ஸ்பாஞ்சு? ஆங், இது நல்லா... ஏம்மா, இது என்னை முழுங்குது. கையைக் குடு. நல்லாப் புடி. இழு. அப்பா.

நீ சிரிக்கற. இந்த இடுப்பு கெட்டா என் மானமே போயிடும். கேளு. எங்க அக்கா கோமளவல்லியைப் பள்ளிப்பட்டுல குடுத்திருக்கறோம். அவ வூட்டுக்காரர் பூபாலன், எனக்கு பாவா. அந்த மனுசன் புது வூடு கட்டி கிரகப்பிரவேசம் வெச்சாரு. ராத்திரி படுக்க அவரு தம்பிக்கு மெத்தை. தம்பி மச்சானுக்கு மெத்தை. வூடு கட்டின மேஸ்திரிக்குக் கூட மெத்தை. பொண்ணு குடுத்த வூட்டு ஆளு, எனக்கு என்ன தெரியுமா? ஓரம் பிஞ்ச கோரப்பாய். அதுவும் பூஜைக்கு ஓட்டியாந்த கண்ணுக்குட்டி பக்கத்துல. அது விடியவிடிய என் காதை நக்கிகினு இருந்துச்சி.

விடிஞ்சதும் அந்தப் பாயைச் சுருட்டி கக்கத்துல வெச்சிகினு பஸ் ஏறிட்டேன். இனிமே உங்க கூரைக்கடியில தலை சாய்க்க மாட்டேன்னு மலையைக் காட்டி சத்தியம் பண்ணேன். அப்ப அக்கா பொண்ணு அம்சா பாவாடை சட்டையில ஓடிகினு இருந்தா. இப்ப அவளுக்கே ஒரு பொண்ணு.

நடுவுல போகாம இருப்பேனா? எல்லா விசேஷத்துக்கும் போவேன். சாப்டுவேன், கடைசி பஸ்ல வந்துடுவேன். தூங்கறதுக்குத்தான் சத்தியம். சாப்பாட்டு மேல நான் ஒண்ணும் சொல்லலியே.

இப்ப அம்சா பொண்ணு மோனிஷாவுக்குக் காது குத்து. அம்சாவுக்குக் கூடப்பொறந்தவன் கெடையாது. அதனால கொழந்தைக்குத் தாய்மாமன் எடத்துல என்னைத்தான் ஒக்காரச் சொல்றா. என் மடியில வெச்சித்தான் குத்தணும்றா. முகூர்த்தம் விடியறதுக்கு முன்னாடி. இருட்டுல வண்டி ஓட்ட எனக்குக் கண்ணு பத்தாது. மொத நாளே போய்த் தங்கணும். வண்டியில வெறும் தகரத்துல படுத்து, காலையில சம்மணம் போடறப்ப இடுப்பு புடிச்சிகிச்சின்னா? அன்னிக்கு மெத்தை கெடைச்ச பாவா தம்பி இருக்கறாரு பாரு, அவரு இப்பவே மடியைத் தயாரா வெச்சிகினு சுத்தறாராம்.

அதான் இந்த ஏற்பாடு. பாவா வூட்டு கேட்டுக்கு நேரா வண்டியை நிறுத்துவேன். பின்கதவைத் தூக்கி வுட்டுடுவேன். போறவன் வர்றவன் எல்லாம் என் மெத்தையைப் பாக்கணும். அதனால அந்த சாம்பல் கலரு வேணாம், செவப்புல பெரிய பூ போட்டது எடு. பிளாஸ்டிக் உறையைக் கழட்டாத, புதுசுன்னு தெரியணுமில்ல. வேர்க்கும், பொரண்டா சத்தம் வருமா? வரட்டுமே. சத்தம் கேட்டாவது திரும்பிப் பாக்கட்டும். கனமா எடுத்தா கூரை இடிக்குமா? ஆங், ஏற்கெனவே இடிச்சிகினேன். சரி, உன் பேச்சுக்கு கொஞ்சம் மெலிசாவே எடு.

அகலம் மட்டும் ரெண்டு பேருக்கு வரணும். மேட்டுக்கு மேடு முழுசா. இன்னொண்ணு, ஒரு பாதி நாரு, ஒரு பாதி ஸ்பாஞ்சு வெச்சி ஒண்ணா தைக்க முடியுமா? முடியும் இல்ல?

ஜெயம்மாவா? அவ அக்கா கூட உள்ள படுத்துக்குவா. அவளுக்கென்ன, சத்தியமா ஒண்ணா?

அது... பாவாதான் நேத்து போன் பண்ணாரு. எப்பவும் அக்காதான் பண்ணுவா. இவரு நேரா என்கிட்ட பேசி எத்தினியோ வருஷம். வீராசாமி, வூடு ஃபுல்லா சம்பந்தி ஜனம், எனக்கே படுக்க எடமில்ல, உன் வண்டியில ஒரு ஓரம் கெடைக்குமாடான்றாரு. நீங்க வாங்க பாவான்னுட்டேன்.

அந்தப் பாயா? இருக்குதே. பரண்ல இருந்து எறக்கி, தட்டி, வண்டியிலயே வெச்சிட்டேன். போய்ப் பாரு, ஓரம் பிஞ்சது அப்டியே இருக்கும். மொதல்ல அதைத்தான் அவருக்கு விரிப்பேன்.

தெரியும்மா. முதுகுல ஆபரேஷன் பண்ண மனுசன், பாய்ல எப்டி படுப்பாரு? படுக்கவெல்லாம் வேணாம். பாத்தாப் போதும். அந்த மூஞ்சி ஒரு தரம் சுருங்கணும். அப்புறம் பாயைச் சுருட்டிட்டு, மேல ஏறுங்க பாவான்னுடுவேன். கெட்டி மெத்தைலதான் படுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாராம், அதான் நாரு பாதி அவருக்கு.

தலைகாணியும் ரெண்டு போடு. மனுசன் கொறட்டை வுடுவாராம், காதுல வெச்சிக்க எனக்குக் கொஞ்சம் பஞ்சு குடு.